ஓலை வாட்ச்

விறகு நனைந்துபோயிருந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

லெந்து என்னும் தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு அது. நீலகிரியில் எமரால்டுக்கு மேலே கல்மட்டம் எஸ்டேட் சபையில் அன்று ஆராதனை முடிந்ததும் ஐக்கிய விருந்து. புதன்கிழமை வந்துவிட்டால் நாற்பது நாளைக்குக் கறி மீன் கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது, ஆல்டரில் பூ கிடையாது. அதனால் அதற்கு முன்னால் சபையார் எல்லோரும் ஒன்றுகூடி வயிறு முட்ட ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டுவிடுவது வழக்கம். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்று பெருமையாகச் சொல்வார்கள். துரை பிரியாணி சாப்பிட்டாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பிரியாணி, ஜாபேஸின் பொறுப்பு. டீ ஃபேக்டரியில் தேயிலையைக் காயவைக்கும் டிரையருக்கு அடுப்பெரிக்கிறவர் அவர். பிழைப்பே தீயோடுதான். அது போதாதென்று, சபையில் எந்த வேலை வந்தாலும் "நான் பாத்துக்கறேன்" என்று முதலில் கை தூக்குகிற ஆள். தூக்கியதில் பாதியைக் கரை சேர்ப்பார். மீதியைக் கவிழ்ப்பார். ஆனாலும் அடுத்த தடவை கை தூக்காமல் இருக்க அவரால் முடியாது.

முந்தின இரவு பெய்த தூறலில் தார்ப்பாய் விலகி, சீகை விறகு முழுக்க ஊறிப்போயிருந்தது. பொழுது விடிந்தும் மூடுபனி விலகவில்லை. ஜாபேஸ் ஊதினார், விசிறினார், மண்ணெண்ணெய் தெளித்தார். புகைதான் வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் சங்கத்தாருக்கு வெங்காயத்துக்கு ஒரு அழுகை, புகைக்கு ஒரு அழுகை.

"ஃபேக்டரியில அத்தாம் பெரிய அடுப்ப எரிக்கறவரு, இங்க ஒரு அண்டாவுக்கு இப்படித் திணர்றாரே" என்று யாரோ சொல்லப் பெண்கள் சிரித்தார்கள். சொன்னது வேறு யாருமில்லை, அவர் மனைவி தபித்தாள்தான்.

ஜாபேஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் தேங்காய் மட்டை ஒரு சாக்கு கிடந்தது ஞாபகம் வர, ஓடினார். அந்த அறையில் பல்பு பியூஸாகி ஒரு வருஷமாகிறது. மாற்றுகிறேன் என்று கை தூக்கியவரும் அவர்தான். இருட்டில் தடவிப் பார்த்தார், வாய் கட்டின சாக்கு ஒன்று கையில் தட்டியது, மொடமொடவென்று காய்ந்த சத்தம் கேட்டது. தூக்கி வந்து, அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் சாக்கோடு அண்டாவுக்கு அடியில் தள்ளினார்.

குப்பென்று பிடித்தது தீ. ஈர விறகெல்லாம் சடசடவென்று எரிய ஆரம்பித்தது. "பாத்தியா, ஜாபேஸண்ணன் கை" என்றார்கள். அன்றைக்குப் பிரியாணி அப்படி வாய்த்தது. இரண்டாம் பந்திக்காரர்கள் மூன்றாம் பந்தியிலும் உட்கார்ந்தார்கள்.

எல்லாம் முடிந்து, கழுவிய அண்டாவைச் சாமான் அறையில் வைக்க ஜாபேஸ் போனார். செல்போன் வெளிச்சத்தை அடித்தார். மூலையில் ஒரு சாக்கு உட்கார்ந்திருந்தது. வாயைப் பிரித்துப் பார்த்தார். தேங்காய் மட்டை.

அவருக்குச் சாப்பிட்ட பிரியாணி அத்தனையும் தொண்டைக்கு வந்தது.

அங்கே இருந்தது இரண்டு சாக்கு. ஒன்றில் மட்டை. இன்னொன்றில் சபையார் கொண்டுவந்து கொடுத்த போன வருஷத்துக் குருத்தோலைகள்.

அது புதுப் பாஸ்டரின் ஏற்பாடு. தேவசித்தம் ஐயா கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயசு, இதுதான் முதல் சபை. வந்த நாளிலிருந்து ஏதாவது புதிதாகச் செய்யவேண்டும் என்று துடிப்பு. இந்த வருஷம் சாம்பல் புதனன்று எல்லோர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போடலாம், போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று பிடித்த ஓலைகளைக் கொண்டுவாருங்கள், அவற்றை எரித்துச் சாம்பல் எடுப்போம் என்று அறிவித்தார். "நாம என்ன ஆர்.சி.யா?" என்று, கத்தோலிக்க வழக்கம் பிடிக்காத பழைய செயலர் யோபு எழுந்து நின்றே கேட்டுவிட்டார். பாஸ்டர் பொறுமையாக விளக்கம் சொன்னார். கோபம் அடங்கி, ஓலைகள் வரத் தொடங்கின. காலண்டருக்குப் பின்னாலிருந்து, பைபிளுக்கு நடுவிலிருந்து, அலமாரி மேலிருந்து, பூஞ்சை பிடித்ததும் சுருண்டதுமாக வந்தன. வாங்கி வைக்கிற பொறுப்பை யார் ஏற்றிருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை எரித்து, சலித்து, புதன் காலையில் கொண்டுவருவதும் அவர் பொறுப்பே.

அதுகூடப் போகட்டும். ஊரார் ஓலை போனால் ஊராரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சாக்கில் லிஜியின் மகன் ஓலையும் இருந்தது.

லிஜி கேரள எல்லையோரத்து நாடுகாணியிலிருந்து இந்த எஸ்டேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கொழுந்து பறிக்கிறாள். பேச்சில் பாதி மலையாள வாடை. ஒரே பையன், ஆல்வின், பதினொரு வயது. போன குருத்தோலை ஞாயிறன்று பவனிக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியது ஜாபேஸ்தான். மற்றப் பிள்ளைகளெல்லாம் ஓலையை நிமிர்த்திப் பிடித்து நிற்க, இந்தப் பையன் மட்டும் ஓலையில் பாதியைக் கிழித்து ஒரு வாட்ச் பின்னி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "ஓசன்னா பாடறதுக்கு வாட்ச் எதுக்குடா? வெளிய நில்லு" என்று ஜாபேஸ் அவனை வாசல் தூணருகே நிறுத்திவிட்டார். பவனி கோயிலைச் சுற்றி வந்து உள்ளே போகும்வரை அவன் தூணில் சாய்ந்து, தன் ஓலை வாட்சில் மணி பார்த்துக்கொண்டு நின்றான். ஆடி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஊட்டி ரோட்டில் மண் சரிந்து கிடக்க, அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் பாதி வழியில் நின்றுபோனது. அவ்வளவுதான்.

ஓலை கேட்டபோது லிஜி எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். அந்த வாட்சும், அதைக் கிழித்த மிச்ச ஓலையும், ஒரு நூலில் சேர்த்துக் கட்டியிருந்தாள். ஜாபேஸ் கை நீட்டினார். அவள் அவர் கையில் கொடுக்காமல், தானே சாக்குக்குள் கைவிட்டு வைத்தாள். வைத்த கையை வெளியே எடுக்க நேரமானது.

"அண்ணா, இதும் நெத்தியில வருமோ?"

"வரும்மா. எல்லாரோடதும் ஒண்ணாத்தான எரியுது."

"அப்ப எல்லாரோட நெத்தியிலயும் என் மோன் இருப்பான், அல்லே?"

"இருப்பாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் ஜாபேஸ். சொல்லித் தொலைத்திருக்க வேண்டாம்.

இப்போது அந்த மட்டைச் சாக்கின் முன்னால் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு லிஜிதான் வந்துகொண்டிருந்தாள். ஜாபேஸ் சட்டென்று வெளிச்சத்தை அணைத்தார்.

அவள் தட்டுகளை இறக்கிவைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"அண்ணா, அந்த ஓலைச் சாக்க அவுத்துப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. கட்டுனது கட்டுனபடி இருக்குது" என்றது ஜாபேஸின் வாய். அவர் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

"அது மதி, அது போதும்" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவள் போனாள். பாவி, பிள்ளை ஓலையை நினைத்து நினைத்துத் தவிக்கிறாளே என்று ஜாபேஸ் அங்கேயே அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவு அவர் புரண்ட புரளலில் கட்டில் ஒரு சாண் நகர்ந்திருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில், நேராகக் கோயில் பின்புறத்து அடுப்புக்குப் போனார். சாம்பல் அங்கேதானே இருக்கவேண்டும், ஓலை எரிந்த சாம்பலும் அதில்தானே சேர்ந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. பெண்கள் சங்கத்தார் சுத்தத்துக்குப் பேர் போனவர்கள். அடுப்பை வழித்துக் கூட்டி, கழுவிவிட்டிருந்தார்கள். வழித்த சாம்பல் வேலியோரம் குவிந்திருந்தது. எலும்பும் வெங்காயத் தோலும் சீகைக் கரியும் ஒன்றாகக் குழைந்து, மேலே நீர்ப்பனி வேறு. ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தார். பட்டை, கிராம்பு, ஆட்டுக் கொழுப்பு. இதை நெற்றியில் போட்டால் நாற்பது நாளும் சபை ஜெபிக்குமா, பிரியாணியை நினைக்குமா என்று அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயம் வந்தது.

ஃபேக்டரியில் டிரையர் அடுப்பிலிருந்து வழக்கம்போலச் சாம்பலை இழுத்தார். நைஸான சாம்பல். சலிக்கக்கூட வேண்டாம். ஒரு கை அள்ளி ஒரு பழைய டப்பாவில் போட்டார். சாம்பல் சாம்பல்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லிக்கொண்டார். யாருக்கும் தெரியாது என்பதுதான் அவரைக் குடைந்தது. லிஜி வந்து நிற்பாள். நெற்றியைக் காட்டுவாள். என் மோன் என்று நினைத்துக் கண்ணை மூடுவாள். அங்கே இருப்பது டிரையரில் எரிந்த கற்பூர மரத்துச் சாம்பலாக இருக்கும். டப்பாவைக் கவிழ்த்துவிட்டு மறுபடி அடுப்புக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அள்ளினார். மறுபடி கவிழ்த்தார். "என்னண்ணா, சாம்பல அளந்து பாக்கறீங்களா?" என்று கூட வேலை செய்கிறவன் கேட்டான்.

ஷிப்ட் முடிந்து ஆறுக்குட்டி டீக்கடையில் உட்கார்ந்தார். ஆறுக்குட்டி காரமடைக்காரர், முருக பக்தர், கடையில் பாதி இடத்தை முருகன் படமே பிடித்துக்கொண்டிருக்கும்.

"ஏனுங்க ஜாபேசு, டீ ஆடை கட்டிப்போச்சு, குடிங்க."

"ஆறுக்குட்டி, உங்க ஊட்டுல பழைய தென்னோலை ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

"இந்தக் குளுருக்குத் தென்னை எங்கீங்க? மேட்டுப்பாளையத்துல வாங்குன ஈக்குமாறு வேணா இருக்குது. அதும் தென்னையில வந்ததுதானுங்க."

மூலையில் சாத்தியிருந்த ஈர்க்குமாற்றை ஜாபேஸ் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படிப் பார்த்ததற்காகவே அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"எதுக்குங்க ஓலை?" என்றார் ஆறுக்குட்டி.

"சாம்பலுக்கு. புதங்கெழம கோயில்ல நெத்தியில போடறதுக்கு."

"அட, நெத்திக்குத்தானுங்களா? இத முன்னமே சொல்றதுக்கென்ன." ஆறுக்குட்டி எழுந்துபோய் முருகன் படத்துக்குக் கீழேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பழனித் திருநீறு. கடை முழுக்க மணந்தது. "தைப்பூசத்துக்குப் போனப்ப வாங்குனது. எடுத்துட்டுப் போங்க. எங்க நெத்தி என்ன, உங்க நெத்தி என்ன."

அந்த மனுஷன் மனசாரத்தான் கொடுத்தார். ஜாபேஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து, இரண்டு கையாலும் திருப்பி வைத்தார்.

"இது உங்களுது. உங்ககிட்டயே இருக்கட்டுங்க. எங்களுத நான் அடுப்புல போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலேயே எழுந்து நடந்தார்.

வீட்டில் தபித்தாள் மிச்சக் கறியைச் சுண்ட வதக்கி வைத்திருந்தாள். ஜாபேஸ் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, லெந்து புதங்கெழமதான். நீங்க திங்கக்கெழமையே ஆரம்பிச்சுட்டீங்களா?"

அவர் சொல்லிவிட்டார். விறகிலிருந்து ஈர்க்குமாறு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். தபித்தாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சாக்கோட தள்ளுனீங்களா? அவுத்துக்கூடப் பாக்கல?"

"பாக்கல."

"நான் கேலி பேசுனதுக்குத்தான அவ்வளவு வேகம்" என்று அவள் மெல்லச் சொல்லிக்கொண்டாள்.

"காலையில பாஸ்டரப் பாத்துச் சொல்லிடறேன்" என்றார் ஜாபேஸ்.

"பாஸ்டர்கிட்டச் சொன்னா ஜெபம் பண்ணுவாரு, உங்களுக்கு ஆறுதலாப் போயிரும். லிஜிக்கு? மொதல்ல அவகிட்டப் போங்க."

செவ்வாய் சாயந்திரம் போனார். போனார் என்றால் நேராகப் போகவில்லை. தொழிலாளர் லைன் வீடுகளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். வாசலில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த லிஜி நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, யாரைத் தேடுறீங்க?" என்று கேட்ட பிறகுதான் நின்றார்.

"கோழி முட்டை வெக்குதா?" என்று கேட்டார் முதலில். அவள் வெக்குது என்றாள். அதற்கு மேல் கோழியைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லாமல்போக, நின்றவாக்கிலேயே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் எரிந்தது எந்தச் சாக்கு என்பதைச் சொன்னார். அவளிடம் பொய் சொன்னதைச் சொன்னார். "வரும்னு சொன்னேன். நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். பாத்துக்கலம்மா" என்றார்.

லிஜி கையில் ஒட்டிய தவிட்டை உதறினாள். உள்ளே போனாள். ஜாபேஸ் வாசலில் நின்றார். உள்ளேயிருந்து அழுகை வரும், திட்டு வரும், வரட்டும் என்று நின்றார். பெட்டி திறக்கிற சத்தம்தான் வந்தது.

வெளியே வந்தவள் கையில் ஒரு பிஸ்கட் டின். திறந்து காட்டினாள். உள்ளே, நூல் கட்டு அவிழாமல், ஓலை வாட்சும் மிச்ச ஓலையும் இருந்தன.

"சனியாழ்ச்ச கோயில் கழுவ வந்தோமில்லே" என்றாள். "எல்லாரும் ஆல்டருக்கு ஊதாத் துணி தேய்ச்சுட்டு இருந்தாங்க. நான் மட்டும் சாமான் ரூமுக்குப் போயி, சாக்க அவுத்து, இத எடுத்துட்டு, பழையபடி கட்டி வெச்சுட்டேன். கொடுத்தத கள்ளி மாதிரித் திருப்பி எடுத்துட்டேன் அண்ணா. அதான் கேட்டேன், சாக்க அவுத்துப் பாத்தீங்களான்னு. நீங்க பாத்து, என்னோடது இல்லன்னு கண்டுபிடிச்சா என்ன சொல்றதுன்னு மூணு நாளா உறக்கம் இல்ல."

ஜாபேஸ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ரெண்டு நாள், அவளுக்கு மூணு நாள். அதே எஸ்டேட்டில், இரண்டு கூரைக்குக் கீழே, ஒருவருக்கு ஒருவர் பயந்துகொண்டு புரண்டிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினார்.

"நல்லதாப் போச்சும்மா. நீயே வெச்சுக்க."

"அப்ப நாளைக்குச் சாம்பலுக்கு எந்தா செய்யும்?"

"சாம்பல் இல்ல. பாஸ்டர்கிட்டச் சொல்லிடறேன். எல்லாத்தையும் எரிச்சவன் நான், சபையில நின்னு நானே சொல்றேன்."

அவள் வாட்சைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். பதினொரு வயதுப் பிள்ளை கைக்குப் பின்னியது, அவள் கையைச் சுற்றி வரவில்லை. ஜாபேஸ் எழுந்து நடந்தார்.

பாஸ்டர் தேவசித்தம் முழுக்கக் கேட்டார். முகம் வாடியதை அவரால் மறைக்க முடியவில்லை. பிறகு, "சாம்பல் இல்லாட்டி என்னங்கண்ணா, ஜெபம் இருக்குது. உங்க பேரச் சொல்லாம நானே அறிவிச்சுடறேன்" என்றார். "பேரச் சொல்லுங்க ஐயா" என்றார் ஜாபேஸ். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை. லிஜியிடம் வாட்ச் பத்திரமாக இருக்கிறதே, அப்புறமும் ஏன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை விடியற்காலை ஆராதனை. எல்லோரும் அதை முடித்துக்கொண்டு வேலைக்குப் போகவேண்டும். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. வாயைத் திறந்தால் புகை. ஆல்டரில் பூ இல்லை, ஊதாத் துணி மட்டும். ஜாபேஸ் பாஸ்டர் அறைக்கு வெளியே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். சபைக்கு முன்னால் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்து, சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் ஆரம்பமே மறந்துபோனது.

லிஜி வந்தாள். தலையில் முக்காடு, கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அதை அவரிடம் நீட்டினாள். ஜாபேஸ் மூடியைத் திறந்தார். அடியில் கொஞ்சம் போலக் கறுப்புச் சாம்பல்.

"எரிச்சிட்டியாம்மா?"

"எரிச்சேன். கையால நுணுக்கினேன்."

"ஏம்மா? நான்தான் வெச்சுக்கன்னு சொன்னேனே."

அவள் வாசல் தூணைப் பார்த்தாள். "எல்லாப் பிள்ளைங்களோட ஓலையும் போயாச்சு அண்ணா. என் மோனோடத மட்டும் நான் டின்னுல போட்டு அடச்சு வெச்சா, அவன் இன்னொரு தடவ வெளிய நிப்பான். அது வேண்டாம்."

ஜாபேஸுக்கு அப்போதுதான் தன் நெஞ்சு எதற்காக அடித்துக்கொண்டது என்று விளங்கியது. அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுத்தார். அவள் அதற்குள் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

பாஸ்டர் சாம்பலில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்தார். ஒரு சின்னத் தட்டில் வழித்தபோது அது ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மேல் இல்லை. இத்தனை பேருக்கு எப்படி என்று பாஸ்டர் ஜாபேஸைப் பார்த்தார். ஜாபேஸ் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். நான் பாத்துக்கறேன் என்று சொல்லவில்லை.

அறிவிப்பு நேரத்தில் அவர் சபைக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னார். நினைத்துவைத்தது ஒன்றும் வரவில்லை, ரெண்டு வரிதான் வந்தது. "நீங்க கொடுத்த ஓலைய நான் பிரியாணி அடுப்புல எரிச்சுட்டேன். இந்தத் தட்டுல இருக்கறது ஆல்வினோட ஓலை ஒண்ணுதான்." யாரும் முணுமுணுக்கவில்லை. பிறகு யோபு எழுந்தார். நாம என்ன ஆர்.சி.யா என்று கேட்ட அதே யோபு, முதல் ஆளாக வந்து நின்று, குல்லாயைக் கழற்றி நெற்றியைக் காட்டினார்.

பாஸ்டர் கட்டை விரலால் தொட்டு, "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்கிற அந்த ஒரு வரியைச் சொல்லி, சிலுவை போட்டார். வரிசை நகர்ந்தது. ஜாபேஸுக்கு ஜெபத்தில் புத்தி நிற்கவில்லை. கண் தட்டிலேயே இருந்தது. ஆண்கள் பக்கம் முடியவில்லை, அதற்குள் தட்டில் பாதி காலி. கடைசி வரிசையில் லிஜி இருக்கிறாள். அவளுக்கு இல்லாமல்போனால்?

"கொஞ்சமா வைங்க ஐயா" என்று காதோரம் சொன்னார். பந்தியில் பிரியாணி குறையும்போது, பரிமாறுகிறவனிடம் அவர் சொல்கிற அதே குரல். பாஸ்டரின் சிலுவைகள் சிறுத்தன. தபித்தாள் வந்தாள், கடுகு அகலத்துக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, கணவனைப் பார்க்காமல் போனாள். பிள்ளைகள் வந்தார்கள். ஆல்வினோடு ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்த ஒருவன், சாம்பல் வைத்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப்போய்க் கையை இறக்கிக்கொண்டான். தட்டு வழுவழுவென்று தெரிய ஆரம்பித்தது. பாஸ்டர் ஓரத்தை வழித்தார். அதையும் வழித்தாயிற்று.

கடைசியாக லிஜி வந்து நின்றாள்.

தட்டில் ஒன்றுமில்லை. பாஸ்டரின் விரலிலும் ஒன்றுமில்லை. அவர் கை அந்தரத்தில் நின்றது. ஜாபேஸ் தட்டைச் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

லிஜி வலது கையை விரித்துக் காட்டினாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ரேகை தெரியக் கறுத்திருந்தன.

"கழுவல ஐயா" என்றாள். "மனசு வரல."

பாஸ்டர் தன் விரலை அவள் விரலில் வைத்து அழுத்தி எடுத்தார். அவள் நெற்றியில் சிலுவை போட்டார். மறுபடி அவள் விரலைத் தொட்டு, தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஜாபேஸின் நெற்றியிலும் போட்டார். ஜாபேஸ் தனக்கு இன்னும் போடவில்லை என்பதையே மறந்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குப் பக்கத்து ஹாலில் எல்லோருக்கும் கடுங்காப்பியும் பன்னும் வைத்திருந்தார்கள். ஜனங்கள் வாசல் வழியாக இறங்கி ஹாலுக்குப் போனார்கள். ஒவ்வொரு நெற்றியிலும் அந்தப் பையனின் வாட்ச் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. ஜாபேஸ் உள்ளே போகவில்லை. வாசல் தூணருகே போய் நின்றார். போன வருஷம் யாரை நிறுத்தினாரோ, அந்த இடத்தில், தூணில் சாயாமல் நின்றார். தபித்தாள் ஒரு தடவை கூப்பிட்டாள். அவர் தலையை ஆட்டினார். கடைசி ஆள் போகும்வரை நிற்பதென்று யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்திருந்தார்.

கடைசி ஆளாக லிஜி இறங்கி வந்தாள். அவரைத் தாண்டி நாலு எட்டு போனவள் நின்றாள். தூணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணா வெளிய நிக்கறீங்க?" என்றாள். "உள்ள வாங்க. காப்பி ஆறிப்போகும்."